பந்தி பரிமாறும் சிப்: எஃப்பிஜிஏவில் இமேஜ் ப்ராசஸிங் எப்படி வேகமாகிறது?

2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. பாராசூட்டில் தொங்கிக்கொண்டு வரும்போதே அது கீழே தெரிந்த தரையைப் படம் பிடித்தது. ஏற்கெனவே தன் மெமரியில் இருந்த வரைபடத்தோடு அந்தப் படங்களை ஒப்பிட்டு, 'நாம இப்போ எங்கே இருக்கோம்' என்று தானே கண்டுபிடித்தது. அதை வைத்துப் பாறை இல்லாத இடமாகப் பார்த்து இறங்கியது. பூமியிலிருந்து யாரும் உதவ வழியில்லை. அன்றைக்கு ரேடியோ சிக்னல் ஒரு வழி போகவே 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். இடத்தைக் கண்டுபிடிக்கக் கிடைத்த நேரமோ சுமார் 10 விநாடி.

இவ்வளவும் செய்த கம்ப்யூட்டரின் பிராசஸர் என்ன தெரியுமா? ராட்750. பழைய பவர்பிசி 750 என்ற பிராசஸரைக் கதிர்வீச்சு தாங்கும்படி மாற்றிச் செய்தது. அதிகபட்ச வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். நம் பாக்கெட்டில் இருக்கும் சாதாரண போன் பிராசஸர் இதைவிடப் பல மடங்கு வேகமானது. அப்படியென்றால் 10 விநாடிக்குள் அத்தனை படங்களை அலசியது யார்?

அந்த பிராசஸருக்குப் பக்கத்தில் ஒரு எஃப்பிஜிஏ சிப் இருந்தது. தேவைக்கேற்ப உள்ளே இருக்கும் சர்க்யூட்டையே மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். அது படங்களை எப்படி வேகமாக அலசுகிறது, எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை மென்பொருள் எழுதுகிறவர்களின் கோணத்தில் இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

சாதாரண ஃபுல் எச்டி வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமில் 1920×1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 12 கோடியே 44 லட்சம் பிக்சல்கள்.

இமேஜ் ப்ராசஸிங்கில் அடிக்கடி வரும் வேலை 3×3 ஃபில்டர். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதையும் சுற்றியுள்ள எட்டுப் பேரையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். படத்தை மென்மையாக்க, ஓரங்களைக் கண்டுபிடிக்க, கூர்மையாக்க, எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஒரு பிக்சலுக்கு 9 பெருக்கல், 8 கூட்டல், ஆக 17 கணக்குகள். விநாடிக்கு 211 கோடி. இது ஒரே ஒரு ஃபில்டருக்கு, அதுவும் கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு. இப்படி ஐந்து ஃபில்டர் வரிசையாகப் போட்டால் ஆயிரம் கோடியைத் தாண்டிவிடும்.

பிராசஸரில் இந்த 17 கணக்கோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பிக்சலையும் மெமரியிலிருந்து எடுக்கணும், முகவரியைக் கணக்கிடணும், லூப் முடிந்ததா என்று பார்க்கணும், விடையைத் திரும்ப எழுதணும். உண்மையான கணக்கைவிட இந்த எடுபிடி வேலை பல சமயம் அதிகம். இதைக் குறைக்கத்தான் ஒரே கட்டளையில் பல பிக்சல்களைக் கையாளும் வசதி, பல கோர்கள், ஜிபியு எல்லாம் வந்தன. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில், கரண்ட்டுக்கும் குளிரூட்டலுக்கும் பஞ்சமில்லாத இடத்தில், ஜிபியு இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். பேட்டரியில் ஓடணும், சூடாகக் கூடாது, பதில் உடனே வரணும் என்ற நிபந்தனைகள் சேரும்போதுதான் எஃப்பிஜிஏ பக்கம் பார்க்கிறார்கள்.

எஃப்பிஜிஏவுக்குள் என்ன இருக்கிறது?

ஆயிரக்கணக்கான குட்டி அட்டவணைகள். அவ்வளவுதான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

இன்றைய சிப்களில் ஒரு அட்டவணைக்குப் பொதுவாக 6 உள்ளீடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஆக மொத்தம் 64 சாத்தியங்கள். 64 விடைகளையும் அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால், அந்த 6 உள்ளீடுகளை வைத்துச் செய்யக்கூடிய எந்த லாஜிக்கும் தயார். இந்த அட்டவணைகளுக்கு நடுவே நெருக்கமான வயர் வலை. எந்த வயர் எதோடு சேரணும் என்பதையும் மெமரி பிட்களே தீர்மானிக்கின்றன. ஆக, ஒரு ஃபைலை ஏற்றினால் சிப்புக்குள் ஒரு சர்க்யூட் உருவாகும். வேறு ஃபைலை ஏற்றினால் வேறு சர்க்யூட்.

இந்த யோசனையை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சைலிங்ஸ் நிறுவனம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ராஸ் ஃப்ரீமேன் யோசனையில் பிறந்த எக்ஸ்சி2064 என்ற சிப் 1985இல் வெளிவந்தது. அதில் இருந்த லாஜிக் பிளாக்குகள் வெறும் 64. இப்போது சைலிங்ஸ் ஏஎம்டியின் கையில். அவர்களுடைய சின்ன சிப்களில் ஒன்றான ஆர்ட்டிக்ஸ்-7 35டி-யிலேயே 20,800 அட்டவணைகள், பெருக்கலுக்கென்றே 90 தனி யூனிட்கள், தலா 36 கிலோபிட் கொள்ளும் 50 மெமரி பிளாக்குகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை முழுக்க இந்தச் சின்ன சிப்பையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

வெரிலாக் போன்ற மொழியில் இதற்கு எழுதுவது பார்ப்பதற்கு புரோகிராம் மாதிரியே இருக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு வரியும் ஒரு சர்க்யூட்டின் வர்ணனை. பத்து வரி எழுதினால் பத்து சர்க்யூட்டும் ஒரே நேரத்தில் ஓடும். மென்பொருளிலிருந்து வருகிறவர்களுக்குப் பழக நாளாகும் விஷயம் இதுதான்.

பந்தி உதாரணம்

கல்யாணப் பந்தியில் 100 இலை போட்டாச்சு. 10 பதார்த்தம். பரிமாற ஒரே ஆள், ஆனால் மின்னல் வேகம். முதல் இலைக்கு உப்பு வைத்து, உள்ளே ஓடி ஊறுகாய் எடுத்து வந்து வைத்து, மறுபடி ஓடி கூட்டு எடுத்து வந்து... பிராசஸர் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் 1000 தடவை குனிந்து எழணும்.

நம் ஊரில் அப்படி யாரும் பரிமாறுவதில்லை. 10 பேர், ஆளுக்கொரு பாத்திரத்தோடு, ஒருவர் பின் ஒருவராக இலை வரிசையில் நடப்பார்கள். உப்புக்காரர் ஐந்தாவது இலைக்குப் போகும்போது ஊறுகாய்க்காரர் நான்காவது இலையில், பொரியல்காரர் மூன்றாவது இலையில். யாரும் வேகமாக ஓட வேண்டாம். முதல் இலை நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு இலை தயார்.

எஃப்பிஜிஏவின் க்ளாக் பெரும்பாலும் 100 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்தான். பிராசஸரோ 3, 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பத்து மடங்குக்கு மேல் மெதுவான சிப் ஜெயிக்கிறதென்றால், காரணம் இந்த வரிசைதான். பைப்லைன் என்பது இதன் பெயர்.

இரண்டு வரி மெமரி போதும்

இனி 3×3 ஃபில்டரை எஃப்பிஜிஏவில் கட்டிப் பார்ப்போம். கேமராவிலிருந்து பிக்சல்கள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஒரு க்ளாக்குக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. 3×3 ஜன்னலுக்கு ஒரே நேரத்தில் 9 பிக்சல் வேண்டும். அதில் மூன்று இப்போதைய வரியில் இருக்கிறது, மூன்று முந்தைய வரியில், மூன்று அதற்கும் முந்தைய வரியில். ஆக, முழுப் படத்தையும் சேமிக்க வேண்டாம். கடைசி இரண்டு வரிகளை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். இதற்கு லைன் பஃபர் என்று பெயர்.

ஒவ்வொரு க்ளாக்கிலும் நடப்பது இது:

1. புதுப் பிக்சல் ஒன்று வருகிறது. அது 500ஆவது நெடுவரிசை என்று வைத்துக்கொள்வோம்.
2. முதல் லைன் பஃபரின் 500ஆவது இடத்திலிருந்து முந்தைய வரியின் பிக்சலும், இரண்டாவது பஃபரின் 500ஆவது இடத்திலிருந்து அதற்கு முந்தைய வரியின் பிக்சலும் வெளியே வருகின்றன. மூன்றும் சேர்ந்து ஒரு செங்குத்து வரிசை.
3. 9 பிக்சல் ஜன்னல் ஒரு இடம் நகர்கிறது. பழைய செங்குத்து வரிசை ஒன்று வெளியேற, இந்தப் புது வரிசை உள்ளே வருகிறது.
4. புதுப் பிக்சல் முதல் பஃபரில் போய் உட்காருகிறது. அங்கிருந்தது இரண்டாவது பஃபருக்குப் போகிறது. அங்கிருந்தது இனி தேவையில்லை.

இந்த நான்கும் ஒரே க்ளாக்கில். கேமரா தரும் ஒவ்வொரு பிக்சலும் சிப்புக்குள் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. வெளியே இருக்கும் பெரிய மெமரியைத் தொடவே இல்லை. முன்னே சொன்ன எடுபிடி வேலை மொத்தமும் இங்கே காணாமல் போய்விட்டது.

செலவு எவ்வளவு? ஒரு வரிக்கு 1920 × 8 = 15,360 பிட். நம் சிப்பின் 36 கிலோபிட் பிளாக்கை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு ஒரு வரி வைக்கலாம். இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே பிளாக். 50இல் ஒன்று! 5×5 ஃபில்டர் என்றால் நான்கு வரி, இரண்டு பிளாக்.

இதே சிப்பில் முழு ஃபிரேமை வைக்கணும் என்றால்? ஒரு கறுப்பு-வெள்ளை ஃபிரேமுக்கு 165 லட்சம் பிட்டுக்கு மேல் வேண்டும். மொத்த 50 பிளாக்கும் சேர்ந்தால்கூட 18 லட்சம் சொச்சம்தான். ஒன்பதில் ஒரு பங்கு. ஓடும்போதே கணக்கை முடித்துவிடணும் என்ற கட்டாயம் இங்கிருந்துதான் வருகிறது.

பெருக்காமல் பெருக்குவது

அடுத்தது கணக்கு. ஓரங்களைக் கண்டுபிடிக்க உதவும் சோபல் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபலும் கேரி ஃபெல்ட்மனும் முன்வைத்தது. அதன் எண்கள் இவை:

−1  0  1
−2  0  2
−1  0  1

0 இருக்கும் இடத்தில் வேலையே இல்லை. 1க்கும் பெருக்கல் தேவையில்லை. 2ஆல் பெருக்குவது என்றால் பிட்களை ஒரு இடம் இடது பக்கம் தள்ளுவது. பிராசஸரில் அதற்கும் ஒரு கட்டளை வேண்டும். எஃப்பிஜிஏவில் வயரை ஒரு இடம் தள்ளி இணைத்தால் முடிந்தது. செலவு பூஜ்யம். 90 பெருக்கல் யூனிட்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

படத்தை மென்மையாக்கும் காசியன் ஃபில்டரும் அப்படித்தான். 1 2 1, 2 4 2, 1 2 1 என்ற எண்களின் கூட்டுத்தொகை 16. கடைசியில் 16ஆல் வகுக்கணும். கீழே உள்ள நான்கு வயரை இணைக்காமல் விட்டால் அதுவே வகுத்தல்.

பிட் அளவிலும் சிக்கனம் பண்ணலாம். சோபலின் விடை −1020இலிருந்து +1020 வரைதான் போகும். அதற்கு 11 பிட் போதும். பிராசஸரில் 16 அல்லது 32 பிட் எடுத்தே ஆகணும். இங்கே 11 பிட்டுக்கு 11 வயர். சோபலில் கிடைமட்ட, செங்குத்து விடைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது முறை. ஹார்டுவேரில் வர்க்கமூலம் பெரிய இடம் பிடிக்கும். அதனால் குறியை நீக்கிவிட்டு இரண்டையும் கூட்டிவிடுவார்கள். துல்லியம் கொஞ்சம் குறையும். ஓரம் எங்கே என்று கண்டுபிடிக்க அது போதும்.

இன்னொரு நல்ல உதாரணம் மீடியன் ஃபில்டர். 9 பிக்சலையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பது. புள்ளி புள்ளியாக வரும் சத்தத்தை நீக்க அருமையானது. 9 எண்களில் நடுவானதைக் கண்டுபிடிக்க 19 'ஒப்பிடு, தேவையானால் இடம் மாற்று' செயல்கள் போதும். எஃப்பிஜிஏவில் 19 குட்டி சர்க்யூட்களை வரிசைகளாக அடுக்கிவிட்டால், ஒவ்வொரு க்ளாக்குக்கும் ஒரு விடை வந்துகொண்டே இருக்கும்.

மீடியன், அதன்பின் காசியன், அதன்பின் சோபல் என்று மூன்றையும் தொடராக மாட்டினாலும் விநாடிக்கு வெளிவரும் பிக்சல்களின் எண்ணிக்கை குறையாது. பந்தியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்த மாதிரி. பிராசஸரில் வேலை கூடினால் நேரம் கூடும். எஃப்பிஜிஏவில் வேலை கூடினால் சிப்பில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், நேரம் துளிதான் கூடும்.

தாமதம் என்ற தனிக் கணக்கு

விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது ஒரு கேள்வி. உள்ளே போன பிக்சலுக்கு எத்தனை நேரம் கழித்து விடை வருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

முழு ஃபிரேமும் வந்து சேரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கும் அமைப்பில், 60 ஃபிரேம் வேகத்தில் காத்திருப்பு மட்டுமே 16.7 மில்லி விநாடி. லைன் பஃபர் முறையில் 3×3 ஃபில்டரின் விடை ஏறக்குறைய ஒரு வரி தாமதத்தில் வந்துவிடும். ஃபுல் எச்டியில் ஒரு வரிக்கு 14.8 மைக்ரோ விநாடி. மூன்று ஃபில்டர் தொடராக இருந்தாலும் 45 மைக்ரோ விநாடிக்குள்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 16.7 மில்லி விநாடியில் 46 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 45 மைக்ரோ விநாடியில் ஒன்றேகால் மில்லிமீட்டர். கேமரா படமெடுக்கும் நேரம், முடிவெடுக்கும் நேரம் எல்லாம் தனியாக இருக்கிறதுதான். ஆனாலும் நம் பங்குக்கு நாம் சேர்க்கும் தாமதம் இவ்வளவு குறைவு. அதோடு, அது ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு. நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு வேலைக்குப் போய்விட்டது என்ற கதையே கிடையாது.

எங்கே உதவாது?

படத்தை 90 டிகிரி திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படத்தின் முதல் வரியை எழுத, பழைய படத்தின் கடைசி வரி வரை வந்தாகணும். லைன் பஃபர் உதவாது. வெளி மெமரியில் முழுப் படத்தையும் வைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கணும். எஃப்பிஜிஏவின் சாமர்த்தியம் பாதி போய்விடும். லென்ஸ் வளைவைச் சரிசெய்வதிலும் இந்தச் சிக்கல் உண்டு. வளைவு எவ்வளவோ, அவ்வளவு வரிகளைச் சேமிக்கணும்.

அடுத்து, ஆம்டால் விதி. ஒரு உதாரணத்துக்கு மொத்த வேலை 10 மில்லி விநாடி, அதில் ஃபில்டர் 8 என்று வையுங்கள். எஃப்பிஜிஏ அதை 80 மடங்கு வேகமாக்கி 0.1 ஆக்கிவிட்டது. மொத்தம் 2.1. ஐந்து மடங்குகூட இல்லை. படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எஃப்பிஜிஏ கார்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்க 1.5 மில்லி விநாடி ஆனால் மொத்தம் 3.6. மூன்று மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. கேமராவை நேரடியாக எஃப்பிஜிஏவில் இணைத்தால்தான் முழுப் பலனும் கிடைக்கும். ஏற்கெனவே மெமரியில் இருக்கும் படத்தை அங்கே அனுப்பி வாங்குவது பல நேரம் வீண் வேலை.

மூன்றாவது, மனித நேரம். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் சில விநாடியில் ஓட்டிப் பார்க்கலாம். எஃப்பிஜிஏவில் சர்க்யூட்டை அட்டவணைகளாகப் பிரித்து, சிப்பில் இடம் ஒதுக்கி, வயர் இழுத்து முடிக்க நிமிடங்கள் ஆகும், பெரிய டிசைனுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதன் பிறகும், ஏதோ ஒரு வயர் நீளமாகி சிக்னல் ஒரு க்ளாக்குக்குள் போய்ச் சேரவில்லை என்று டூல் கைவிரிக்கும். சி++ மாதிரி எழுதினாலே சர்க்யூட்டாக மாற்றித் தரும் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஆனால் முழு ஃபிரேமையும் ஒரு அரேயில் போட்டு லூப் விடும் பழைய கோடை அப்படியே கொடுத்தால் அவை திணறும். லைன் பஃபர் யோசனையை நாம்தான் உள்ளே கொண்டு வரணும்.

மறுபடி செவ்வாய்

இப்போது பெர்சிவரன்ஸ் செய்தது புரியும். அதன் பார்வைக்கென்றே தனி கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ராட்750 பிராசஸர், கூடவே விர்டெக்ஸ்-5க்யூவி என்ற எஃப்பிஜிஏ. பிக்சல் பிக்சலாகச் செய்யும் கனமான வேலை எஃப்பிஜிஏவுக்கு. அதன் விடைகளை வைத்து 'இங்கேதான் இருக்கோம்' என்று கணிக்கும் வேலை பிராசஸருக்கு. சாதாரண எஃப்பிஜிஏவில் கதிர்வீச்சுத் துகள் பட்டு ஒரு மெமரி பிட் மாறினால் சர்க்யூட்டே மாறிவிடும். அதனால் கதிர்வீச்சைத் தாங்கும்படி வடிவமைத்த இந்த ரகம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். தரையில் இறங்கியதும் இறங்கும் வேலைக்கான சர்க்யூட் இனி எதற்கும் பயன்படாது. அதே சிப்பில் வேறு சர்க்யூட்டை ஏற்றினார்கள். இப்போது அதன் வேலை ரோவர் ஓட்டுவதற்குக் கண் பார்ப்பது. இரண்டு கேமராக்களின் படங்களை ஒப்பிட்டு, எந்தப் பாறை எவ்வளவு தூரத்தில் என்று கண்டுபிடிக்கணும். படங்களை முதலில் நேர்ப்படுத்திவிட்டால், இடது படத்தில் உள்ள புள்ளியை வலது படத்தில் அதே வரியில் தேடினால் போதும். அதே வரி! லைன் பஃபருக்கென்றே செய்த மாதிரி வேலை. மணலில் சக்கரம் வழுக்கினால் சக்கரச் சுற்றைக் கணக்கிடுவதில் பயனில்லை. அதனால் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தோம் என்று பார்ப்பதும் இதே சிப்பில்.

2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ரோவர்களின் பிராசஸர் 20 மெகாஹெர்ட்ஸ். இப்படி ஒரு ஒப்பீட்டுக்கு நிமிடக்கணக்கில் ஆனதால், தேவையான இடத்தில் மட்டும்தான் செய்தார்கள். கியூரியாசிட்டி தானே வழி பார்த்து ஓடும்போது மணிக்குச் சுமார் 20 மீட்டர் என்றும், பெர்சிவரன்ஸ் 120 மீட்டர் வரை என்றும் நாசா சொல்கிறது. இந்த ஆறு மடங்குக்குச் சிப் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கேமராக்கள், மென்பொருள், பார்வைக்கென்று தனி கம்ப்யூட்டர், எல்லாம் சேர்ந்தது. ஆனால் நின்று யோசிக்காமல் ஓடிக்கொண்டே யோசிக்க முடிந்ததில் இந்தச் சிப்பின் பங்கு பெரிது.

நமக்குத் தேவையா?

நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

- பிக்சல்கள் கேமராவிலிருந்து நேரடியாக ஓடி வருகின்றனவா?
- ஒவ்வொரு விடைக்கும் பக்கத்துப் பிக்சல்கள் மட்டும் போதுமா?
- தாமதமோ, மின்சாரமோ நிஜமாகவே தலைவலியா?
- கணக்கு அடிக்கடி மாறாமல் நிலையாக இருக்குமா?

நான்குக்கும் ஆம் என்றால் எஃப்பிஜிஏ பொருத்தம். இரண்டுக்கு மேல் இல்லை என்றால், ஜிபியுவோ, ஒழுங்காக எழுதிய சாதாரண கோடோ போதும்.

பழகிப் பார்க்க போர்டு வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வெரிலேட்டர் என்ற இலவச மென்பொருளில் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். முதலில் பைத்தானில் ஒரு சோபல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதையே லைன் பஃபரோடு வெரிலாக்கில் எழுதி, இரண்டு விடைகளையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுங்கள். படத்தின் விளிம்பில் முதலில் ஒத்துப்போகாது. அங்கே ஜன்னலின் பாதி படத்துக்கு வெளியே இருக்கும். வெளியே பூஜ்யமா, பக்கத்துப் பிக்சலின் நகலா என்று இரண்டு பக்கமும் ஒரே முடிவு எடுக்கணும். அது ஒத்துப்போன பிறகு போர்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.